மெக்சிகோவில் ஓய்வுகாலம்: செப்ரெம்பரில் போய்ப் பாருங்கள்

மெக்சிகோக் கடற்கரையில் ஓய்வுகாலத்தைக் கழிக்க நினைக்கிறவர்கள் எல்லோரும் ஜனவரியிலோ பெப்ரவரியிலோதான் ஊர் பார்க்கப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பனி வழித்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே இதமான வெயில், வியர்க்காத காற்று, வாசலெல்லாம் பூ. சாப்பாட்டுக் கடைகள் இரவு வரை திறந்திருக்கும். நம் வயதுக்காரர்கள் கடற்கரையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மாதத்தில் அங்கே எந்த ஊரும் நல்ல ஊர்தான். ஊரைத் தெரிவு செய்ய வேண்டியது செப்ரெம்பரில். இதை முதலே யாராவது சொல்லியிருந்தால் என்னிடம் 8,000 அமெரிக்க டொலரும் ஒரு வருட நிம்மதியும் மிஞ்சியிருக்கும்.

நான் மட்டக்களப்புக்காரி. கனடாவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றேன். கணவர் போன பிறகு அந்தக் குளிரில் தனிய இருக்க மனமில்லை, முழங்காலும் விடவில்லை. ஊருக்குத் திரும்பலாம் என்றால், எனக்கு ஊர் என்று இருந்த சனமெல்லாம் இப்போது ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரத்திலும்தான் இருக்கிறது. வேலையிடத்தில் கூட இருந்த சில வெள்ளைக்காரப் பெண்கள் ஒவ்வொரு குளிர்காலமும் மெக்சிகோ போய்வருவார்கள். கடல், தென்னை, மாமரம், புளி, குறைந்த வாடகை என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு ஆசை வந்துவிட்டது. மகன், “அம்மா, மொழி தெரியாத இடத்தில தனியப் போய் என்ன செய்வீங்கள்?” என்றான். “கனடாவுக்கு வரேக்க எனக்கு என்ன இங்கிலிஷா தெரியும்?” என்று அவன் வாயை அடைத்துவிட்டேன்.

எந்தக் கரை என்பதுதான் முதல் கேள்வி. கன்கூன் பக்கத்துக் கரிபியன் கரையை உடனே ஒதுக்கினேன். கோடை தொடங்கினால் அங்கே சர்காசோ என்கிற பழுப்புக் கடற்பாசி குவியல் குவியலாகக் கரையொதுங்கும், அழுகினால் கூழ்முட்டை நாற்றம். யுகத்தானில் ப்ரொக்ரேசோ என்ற ஊரில் கனடியர்கள் நிறைய. மெரிடா நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கம், தரையும் சமதளம், முழங்கால் நோகிறவர்களுக்கு நல்லது. ஆனால் மே மாத வெயிலை என்னால் தாங்க முடியாது. பாஹா கலிபோர்னியாவில் லா பாஸ், லொரேட்டோ வடிவான ஊர்கள்தான், பாலைவனம். பச்சை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒத்துவராது. பசிபிக் கரையில் மசட்லான் முழு நகரம், எல்லாம் கிடைக்கும். நான் அப்போது தேடியது சின்ன ஊர். அதனால் புவேர்ட்டோ வயார்ட்டாவுக்கு வடக்கே நயரிட் மாநிலக் கரையை எடுத்துக்கொண்டேன். அந்த வரிசையில் புசேரியாஸ், சாயுலிட்டா, லோ தெ மார்கோஸ், குவாயபிட்டோஸ், லா பெனீட்டா எல்லாம் 200ஆம் இலக்க நெடுஞ்சாலை ஓரம் அடுத்தடுத்து வரும். சாயுலிட்டா அலைச்சறுக்குக்காரர்களின் ஊர், அந்தச் சத்தமும் விலையும் எனக்குச் சரிவராது. இன்னும் வடக்கே சான் பிளாசில் ஹெஹேன் என்றொரு பூச்சி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, பொழுதுபடும் நேரம் கடித்தால் கிழமைக்கணக்கில் சொறிய வேண்டும். கடைசியில் லா பெனீட்டாவில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தேன்.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். வியாழக்கிழமைச் சந்தையில் பலாச்சுளை பையில் போட்டு விற்றார்கள். மெக்சிகோவில் பலா அதிகம் விளைகிற மாநிலம் நயரிட்தான், அங்கே யாகா என்பார்கள். பழம்தான் அவர்களுக்குத் தெரியும். பலாக்காய் தரச் சொல்லிக் கேட்டபோது விற்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சியெர்ரா என்று ஒரு மீன் வரும், நம் அறக்குளாவின் இனம். துண்டு போடச் சொன்னால் முள்ளோடு குறுக்கே வெட்டாமல் சதையை வழித்துத்தான் தருவார்கள், கையால் காட்டி வெட்டுவித்தேன். தேங்காய், புளி, மாங்காய்க்குக் குறைவில்லை. கறித்தூளையும் பருப்பையும் மட்டும் ஸ்காபரோவிலிருந்து கொண்டுபோக வேண்டும். முதல் இரண்டு மாதமும் நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். அந்தச் சந்தோசத்தில் இருக்கும்போதுதான் காணி விற்க ஆட்கள் வருவார்கள்.

எனக்கு வந்தவர் நல்ல இங்கிலிஷ் கதைத்தார். கடலிலிருந்து ஐந்து நிமிட நடை, சின்னக் காணி, 40,000 டொலர். வெளிநாட்டவர் மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் நிலத்தை நேரடியாகத் தன் பெயரில் வைத்திருக்க முடியாது, அது அவர்களுடைய அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை. அதற்குப் பதிலாக ஒரு வங்கி நம் சார்பில் உரிமையை வைத்திருக்கும், அதை ஃபிதேகொமிசோ என்பார்கள். 50 வருடத்துக்குப் போடுவார்கள், பிறகு புதுப்பிக்கலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைக்கு எழுதலாம். வங்கிக்கு வருடாவருடம் சில நூறு டொலர் கட்டணம். இது சட்டப்படியான, பழகிய முறை, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தரகர் என்ன சொன்னார் தெரியுமா? “இந்தக் காணிக்கு வங்கியே தேவையில்லை செனோரா, வருடக் கட்டணம் மிச்சம்.” எனக்குக் காட்டியது ஒரு முத்திரை குத்திய கடதாசி, ஊர்க் காணிக் குழுத் தலைவரின் கையெழுத்தோடு, இன்னார் இந்தக் காணியை அனுபவித்து வருகிறார் என்று.

அந்தக் காணி எஹிதோ. மெக்சிகோப் புரட்சிக்குப் பிறகு பெரிய பண்ணைகளை உடைத்து விவசாயச் சமூகங்களுக்குப் பொதுவில் கொடுத்த நிலம் அது. 1992 வரை விற்கவே முடியாது. அந்த வருடச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சமூகத்தின் பேரவை கூடி ஒப்புதல் கொடுத்து, தேசிய விவசாயப் பதிவகத்தில் பதிந்து, தனியார் உரிமையாக மாறினால் மட்டும் வெளியாருக்கு விற்கலாம். மாறாத நிலத்தை வெளிநாட்டவர் எந்த வழியிலும் வாங்க முடியாது. ‘உரிமை கைமாற்றம்’, ‘அனுபவச் சான்று’ என்று என்ன கடதாசி எழுதினாலும் அது காணி உறுதி ஆகாது. இந்தக் கரையில் இப்படி நிலம் நிறைய இருக்கிறது, அதன் மேல் அழகான வீடுகளும் நிறைய இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் நமக்குத் துணிவு வந்துவிடுகிறது.

எனக்கு அப்போதும் சந்தேகம் இருந்தது. அதே ஒழுங்கையில் வீடு கட்டியிருந்த ஒரு கனடியத் தம்பதியிடம் போய்க் கேட்டேன். “நாங்கள் பத்து வருடமாக இருக்கிறோம், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்” என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களிடம் கேட்டு ஒரு முடிவும் எடுக்காதீர்கள். அவர்களிடம் இருப்பதும் அதே கடதாசிதான். இன்னும் நான்கு பேர் வந்து வாங்கினால்தான் அவர்கள் காணிக்கும் விலை நிற்கும். என்செனாடாவுக்குப் பக்கத்தில் புன்டா பாண்டா என்ற இடத்தில் அமெரிக்கர்கள் எஹிதோவை நம்பிக் குத்தகைக் காணியில் வீடு கட்டி வருடக்கணக்கில் இருந்தார்கள். நிலம் வேறு ஆட்களுக்குச் சொந்தம் என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்ல, 2000ஆம் ஆண்டு ஒக்ரோபரில் பொலிஸ் வந்து வெளியேற்றியது. இந்தக் கதை காசு கைமாறிய பிறகுதான் என் காதில் விழுந்தது.

முற்பணம் 8,000 டொலர், தரகர் சொன்ன கணக்குக்கு அனுப்பினேன். பிறகு புவேர்ட்டோ வயார்ட்டாவில் ஒரு நொத்தாரியோ அலுவலகத்துக்குப் போனேன். கனடாவில் நோட்டரி என்றால் கடதாசிக்கு முத்திரை குத்துகிற ஆள். மெக்சிகோவில் நொத்தாரியோ நம் ஊர் நொத்தாரிசு போல உறுதி எழுதுகிறவர், அரசு நியமிக்கிற சட்டத்தரணி, வரியைக் கணக்குப் பார்த்து வசூலிப்பதும் அவரே. அங்கே இருந்த இளம்பெண் என் கடதாசியை ஒரு தரம் வாசித்தாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. “எஸ்கிரிதூரா இல்லையே, இது எஹிதோ” என்று, அதாவது காணி உறுதி இல்லையே என்று சொல்லி மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டாள். தரகர் இரண்டு கிழமை ‘நாளைக்கு, நாளைக்கு’ என்றார். அப்புறம் ரெலிபோன் எடுப்பதை நிறுத்திவிட்டார். கடைப்பலகையும் ஒரு நாள் காணாமல் போனது. பொலிசில் முறைப்பாடு கொடுக்கலாம் என்று சட்டத்தரணி ஒருவர் சொன்னார், ஆனால் அவருடைய கட்டணமே போன காசில் பாதிக்கு வந்தது, அதுவும் எப்போது முடியும் என்று தெரியாத வழக்கு. விட்டுவிட்டேன். அந்த நாட்களில் ராத்திரியில் நித்திரையில்லை. மகனிடம் சொல்லவும் இல்லை, அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

காணி வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே சோதனை. ‘இந்தச் சொத்துக்கு ஃபிதேகொமிசோ திறக்க எந்த வங்கி சம்மதிக்கிறது, எழுத்தில் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். உறுதியில்லாத நிலத்தை வங்கி தொடாது, அதோடு பாதிக் கதை முடிந்துவிடும். மிச்சத்துக்கு, பொதுச் சொத்துப் பதிவகத்திலிருந்து லிபெர்தாத் தெ கிராவாமென் என்ற சான்று எடுப்பியுங்கள், உரிமையாளர் யார், கடன் இருக்கிறதா என்று அதில் இருக்கும். கடலை ஒட்டிய காணி என்றால், உயர் அலைக் கோட்டிலிருந்து 20 மீற்றர் அரசின் சொத்து, அதில் கட்டிய மதிலும் படிக்கட்டும் உங்களுடையது ஆகாது. நொத்தாரியோ இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர், உங்களுக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணியை வையுங்கள், தரகர் காட்டுகிற சட்டத்தரணியை வேண்டாம். வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோம் என்று சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்த வித்தியாசமெல்லாம் உங்கள் இலாபமாகி, அதற்கு வரியும் உங்கள் தலையில் விழும்.

சரி, காணிக் கதை அவ்வளவுதான். கோடையைப் பற்றிச் சொல்லவேண்டும், உண்மையில் எனக்கு அதுதான் பெரிய பாடு.

ஜூன் நடுப்பகுதியில் மழை பிடிக்கும். அதற்கு முன்னமே வெள்ளைக்காரர் எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு வடக்கே போய்விடுவார்கள். ஓகஸ்ட் வந்தால் சாப்பாட்டுக் கடைகளில் பாதி பூட்டு. செப்ரெம்பரில் எங்கள் ஒழுங்கையில் விளக்கு எரிந்த வீடு என்னுடையதும் மூலைக் கடைக்கார அம்மாவுடையதும்தான். ராத்திரியிலும் சூடு இறங்காது, காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கும். ஒரு நாள் அலுமாரியைத் திறந்தேன், என் கூறைச்சேலை மடிப்போரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். தோல் செருப்பு பச்சையாகிவிட்டது. பாஸ்போட் அட்டைகூட வளைந்து போயிருந்தது. நுளம்புக்கு டெங்கு பயம், சப்பாத்தைத் தட்டிப் பார்க்காமல் கால் விடமுடியாது, தேள். இதெல்லாம் மட்டக்களப்பில் பழகியதுதானே என்று நினைத்துத்தான் போனேன். அப்போது வயது இருபது, வீடு நிறையச் சனம்.

ஏ.சி. போட்டால் அடுத்த பிரச்சினை. மெக்சிகோவில் வீட்டு மின்சாரத்துக்கு அரசு மானியம் கொடுக்கிறது. ஊரின் கோடை வெப்பத்தைப் பார்த்துக் கட்டணத்தை 1, 1ஏ, 1பி என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் மீற்றரின் 12 மாதச் சராசரி அந்த வகைக்குரிய எல்லையைத் தாண்டினால் ‘தாக்’ என்கிற உயர்பாவனைக் கட்டணத்துக்குத் தூக்கிவிடுவார்கள், மானியம் முழுவதும் போய்விடும். எல்லை 1ஏக்கு மாதம் 300 அலகு, 1சிக்கு 850. ஒரே ஏ.சி.யோடு ஒரு ஊரில் தப்பலாம், இன்னொரு ஊரில் மாட்டலாம். இதில் ஒரு சூட்சுமம், சராசரி மீற்றரோடு போகும். எனக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர் இரவு பகலாக ஏ.சி. ஓடவிட்டிருக்கிறார், மீற்றர் ஏற்கெனவே தாக்கில் இருந்தது, வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. வாடகை பேசும்போதே கடைசி மின்சார ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வரும், எந்தக் கட்டண வகை என்றும் முந்தைய பாவனை எவ்வளவு என்றும் அதிலேயே அச்சடித்திருக்கும்.

2023 ஒக்ரோபர் 10ஆம் திகதி லிடியா சூறாவளி புவேர்ட்டோ வயார்ட்டாவுக்குத் தெற்கே, நான்காம் வகுப்புப் பலத்தோடு கரை தட்டியது. நாங்கள் வடக்கே இருந்ததால் மழையோடும் மின்சாரம் போனதோடும் தப்பினோம். மட்டக்களப்பில் 78ஆம் ஆண்டுச் சூறாவளியில் கூரைத் தகரம் பறந்ததைப் பார்த்தவள் நான், ஒரு சத்தத்துக்கும் எழும்பி உட்கார்ந்துவிடுவேன். இரண்டு கிழமையில் ஓட்டிஸ் என்ற சூறாவளி, அதே பசிபிக் கரையில் இருக்கிற அகாபுல்கோ நகரத்தை அடித்தது. ஒரு நாளுக்குள் சாதாரணப் புயலாக இருந்தது ஐந்தாம் வகுப்பாகிவிட்டது, ஓடுவதற்கு நேரமே கொடுக்கவில்லை. பசிபிக் கரையில் மே நடுவிலிருந்து நவம்பர் முடிவு வரை இந்தக் காலம். வீடு பார்க்கும்போது ஓலைக்கூரை அழகில் மயங்காமல் கொங்கிறீற் மேற்கூரையா என்று பாருங்கள். பக்கத்தில் வறண்டு கிடக்கிற ஓடை இருந்தால் அது வருடம் முழுக்க வறண்டு கிடக்காது.

லிடியாவுக்குப் பிறகு ஒரு இரவு எனக்கு நெஞ்சு அடைத்தது. தனிய இருக்கிறவர்களுக்கு அந்த நேரம்தான் எந்த ஊரைத் தெரிவு செய்தோம் என்பது புரியும். கடைக்கார அம்மா தன் மகனை எழுப்பி வாகனம் எடுப்பித்தாள். வளைந்து வளைந்து போகிற மலைப்பாதை, இருட்டு, இடையிடையே மண் சரிந்து கிடந்தது. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். அங்கே முதலில் கேட்டது கடன் அட்டை. அங்கே அதுதான் வழக்கம், முற்பணம் பிடித்துவிட்டுத்தான் அனுமதிப்பார்கள். இதயம் இல்லை, வாய்வும் பதற்றமும் என்றார்கள். 1,900 டொலர். பயணக் காப்புறுதி ஒரு சதமும் தரவில்லை, புறப்படுவதற்கு முன் என் பிரெசர் குளிசையின் அளவை வைத்தியர் மாற்றியிருந்தார். நோய் இத்தனை மாதம் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல காப்புறுதிகளில் இருக்கிறது, குளிசை அளவை மாற்றினாலே அது முறிந்துவிடும். கையெழுத்து வைப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பகலில் அளக்காமல் இரவில், மழையில் அளந்து பாருங்கள்.

கனடாவிலிருந்து போகிற நம் ஆட்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் இருந்தவர்களுக்கு ஓ.ஏ.எஸ். என்கிற முதியோர் ஓய்வூதியம் உலகில் எங்கிருந்தாலும் வரும். பிள்ளைகள் கூப்பிட்டு வயதான பிறகு வந்தவர்களுக்கு அந்த 20 வருடம் இருக்காது, அவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது நிற்கும். குறைந்த வருமானக்காரருக்கு அதற்கு மேலே கிடைக்கிற ஜி.ஐ.எஸ். கொடுப்பனவு எத்தனை வருடம் இருந்தவர்களுக்கும் ஆறு மாதத்தோடு நின்றுவிடும். மார்ச்சில் போன எனக்கு ஒக்ரோபரிலிருந்து நின்றது, அந்தக் காசை நம்பித்தான் வாடகைக் கணக்குப் போட்டிருந்தேன். ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வேண்டுமென்றால் எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். மெக்சிகோப் பக்கம், சுற்றுலாவாக 180 நாள் வரை தரலாம், தருவது விமான நிலைய அதிகாரியின் விருப்பம், எழுதிய எண்ணை அங்கேயே நின்று பாருங்கள். தற்காலிக வதிவிட விசா புறப்படுவதற்கு முன் மெக்சிகோத் தூதரகத்தில்தான் எடுக்க வேண்டும், போய் இறங்கி 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் அட்டையாக மாற்ற வேண்டும். இறங்கும்போது சுற்றுலா என்று பதிந்துவிட்டால் பெரிய தலையிடி.

அந்த டிசெம்பரில் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று பார்த்தால், “வேறெங்கயாவது போய்ப் பாருங்கோ அம்மா” என்றுமட்டும் சொன்னான். இப்போது நவம்பரில் போய் ஏப்ரலில் வருகிறேன். ஓ.ஏ.எஸ்., ஜி.ஐ.எஸ்., ஓஹிப் மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஊரும் மாற்றிவிட்டேன், புசேரியாஸ். புவேர்ட்டோ வயார்ட்டா ஆஸ்பத்திரிகள் அரை மணித்தியாலத்துக்குள், பஸ் அடிக்கடி ஓடும், நெடுஞ்சாலைக்கு மேட்டுப் பக்கம் வீடெடுத்தால் வாடகையும் குறைவு. முழு வருடமும் இருக்கப் போகிறவர்கள் மசட்லானைப் பாருங்கள். கடல் கட்டாயமில்லை என்றால், கனடியர்கள் வயதுபோகப் போக மலைமேல் சப்பாலா ஏரிப் பக்கம் நகர்வதற்குக் காரணம் இருக்கிறது, அங்கே 1,500 மீற்றர் உயரத்தில் ஏ.சி.யே தேவைப்படாது. குளிர்காலம் மட்டும் இருக்கப் போகிறவர்கள் வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ஆறு மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டை உப்புக்காற்றும் பூஞ்சணமும் தின்னும், பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அதற்கும் காசு. அந்தச் செலவுக்கு வாடகையே கொடுத்துவிடலாம்.

இந்த முறை ஒப்பந்தம் ஸ்பானிஷில் வந்தது. மூலைக் கடைக்கார அம்மாவின் மகனுக்குப் படமெடுத்து அனுப்பினேன். தண்ணீர்த் தொட்டி கழுவுவது யார் செலவு என்று எழுதவில்லை, கேளுங்கள் என்று பதில் போட்டிருந்தான். கேட்டேன், வீட்டுக்காரர் செலவு என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.